தத்துவம் படித்தால் புத்தகம் இலவசம்

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தத்துவம் படித்ததற்குக் காரணம் தத்துவத்தின் மேல் இருந்த மோகம் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் தத்துவப் பாடப் புத்தகங்களைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். காசில்லாத வீட்டுப் பிள்ளை, வாங்கிக்கொண்டார். பாடமும் முடிவாகிவிட்டது. அந்த உறவுக்காரர் மட்டும் கணக்கு படித்திருந்தால் ஆக்ஸ்போர்டில் கீழை மதங்களுக்கு வேறு பேராசிரியரைத் தேடியிருப்பார்கள். நம் பள்ளிக்கூடங்களில் செப்டம்பர் 5 வெறும் தேதியாகக் கழிந்திருக்கும்.

1888-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைப் பற்றி நாங்கள் வருஷா வருஷம் பேச்சுப் போட்டியில் முழங்குவோம். ஏழையாகப் பிறந்தார், குடியரசுத் தலைவராக உயர்ந்தார். இரண்டுக்கும் நடுவில் ஃபீஸ் கட்டியது யார் என்று எந்த மாணவனும் சொன்னதில்லை, எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. அப்பா ஜமீனில் சின்ன வருவாய் உத்தியோகம் பார்த்தவர். பையன் திருப்பதி, வேலூர், சென்னை என்று படிப்பு முழுக்க உதவித்தொகையில் ஓட்டினார். 1908-ல் வேதாந்தத்தின் அறவியல் பற்றி எழுதிய எம்.ஏ. ஆய்வேடு அச்சிலேயே வந்தது. அப்போது அவருக்கு வயது 20.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1948-ல் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு இவர்தான் தலைவர். பல்கலைக்கழகங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்க முழுநேர மானியக் குழு வேண்டும் என்று அந்தக் குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. 1953-ல் அந்த மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி., வந்தது, 1956-ல் சட்டமானது. ஆக, இன்று ஆர்ட்ஸ் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி உதவித்தொகைக்காக வங்கி மெசேஜைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தலைவிதிக்கும், ஓசிப் புத்தகத்தால் தத்துவம் படித்த எங்கள் ஊர்க்காரருக்கும் நேரான சம்பந்தம் உண்டு. இதைப் பேச்சுப் போட்டியில் சொன்னால் மார்க் குறைப்பார்கள்.

நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனக்குப் பால் மறப்பதற்குள், 1960 ஏப்ரல் 1 அன்று, தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. எல்லையைப் பிரித்த படாஸ்கர் தீர்ப்பு, தமிழ் ஊர்களுக்காக ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் எல்லாம் நாங்கள் பிறகு பாடத்தில் படித்தவை. வீட்டில் தறி. தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் ஓடும். அப்பா பாவு வாங்கி நெய்பவர். பாவு கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டால், அது தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்யக் கூடாது. தீராது என்பது இருவருக்கும் தெரியும்.

பி.ஏ. வரலாறு முடித்து எம்.ஏ. படிக்கச் சென்னை போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முடிஞ்சு போன கதைக்கு எதுக்குடா துட்டு செலவு?" வரலாற்றுத் துறையின் பயன் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அப்பா ஒத்துக்கொள்ளும்படி ஒரு பதில் எங்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் என்னை அழைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். முதலாளி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, என்ன படிக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏம் சதுவுதுன்னாவ்ரா?"

"எம்.ஏ.ங்க."

"டாக்டருக்கா?"

"இல்லீங்க, சரித்திரம்."

வெற்றிலையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். பையனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு பணம் கொடுத்தார். கொடுத்தாரே! அதற்கு விண்ணப்பம் இல்லை, கடைசித் தேதி இல்லை. கூலியில் வாரா வாரம் கொஞ்சம் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். எவ்வளவு பிடித்தார் என்பது அவருடைய நோட்டுக்கும் முருகனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மீதிக்கு அம்மாவின் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போனது. கலைப் படிப்புக்கு இந்த நாட்டில் பழமையான புரவலர் யார் என்று யாராவது ஆராய்ந்தால், மன்னர், மடாதிபதி எல்லாரையும் தாண்டி இரண்டு பவுன் சங்கிலிதான் முதலில் நிற்கும். வீட்டில் அடகு வைக்க இருந்தது ஒரே சங்கிலி. அது எனக்குப் போனதால் தங்கையின் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது. என்னைவிட அதிக மார்க் வாங்கியவள் அவள். "அந்தக் காலத்தில் மனிதர்கள் மனிதர்களுக்கு உதவினார்கள்" என்று யாராவது ஏக்கத்தோடு ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவது இதனால்தான். உதவினார்கள், ஆனால் ஆம்பிளைப் பிள்ளைக்கு. அதுவும் முதலாளி திண்ணைவரை போய் நிற்க ஒரு அப்பா இருந்த பிள்ளைக்கு.

தேசியக் கடன் உதவித்தொகை என்று ஒன்று அப்போது இருந்தது. 1963 வாக்கில் மத்திய அரசு கொண்டுவந்தது. நன்றாகப் படிக்கிற, வசதியில்லாத மாணவனுக்குக் கடன். அப்பா முத்திரைத்தாளில் ஜாமீன் கையெழுத்து போட வேண்டும். ஆசிரியர் வேலைக்குப் போனால் ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. எனக்குத் தெரிந்து இன்றுவரை வந்த அரசுத் திட்டங்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். ஆர்ட்ஸ் படித்தவன் வேறு எங்கே போகப்போகிறான், வாத்தியாராகத்தான் வருவான் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஹாஸ்டலில் மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதக் கடைசியில் மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்து எழுதுவார்கள். பாக்கி வைத்தவர்களின் பெயரைச் சாப்பாட்டு அறை வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். ஆர்ட்ஸ் பிள்ளைகளின் பெயர்கள் அழியாமல் அப்படியே இருக்கும். எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். பிறகு எம்.பில். சேர்ந்தபோது பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்தது. கிடைத்தது என்றால் ஆணை கிடைத்தது. பணம் எப்போது வரும் என்று போய்க் கேட்டால் கிளார்க் தலையைத் தூக்காமல், "கிரான்ட் வரல தம்பி" என்பார். ஆனால் அந்த மனிதர் வெள்ளிக்கிழமைகளில் டீ வாங்கித் தருவார். யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவர் கையாலேயே டீ. கோபம் எங்கே நிற்கும்? ஒருவழியாகப் பொங்கலுக்கு முன்னால் மொத்தமாக வந்தது. மெஸ், டீக்கடை, டைப்பிஸ்ட் என்று மூன்று கைகளுக்கு அன்றே போனது.

டைப்பிஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஒரு ரேட். அடிக்குறிப்பு இருக்கிற பக்கத்துக்குக் கூடுதல் ரேட், கோடு போட்டுச் சின்ன இடைவெளி வைத்து அடிக்க வேண்டுமாம். என் ஆய்வேட்டில் மேற்கோள் சான்றுகள் போதவில்லை என்று வெளித் தேர்வாளர் எழுதினார். அவருக்கு டைப்பிஸ்டின் ரேட் தெரியாது.

அந்த எம்.பில். பட்டத்தையே 2022 விதிமுறையில் யூ.ஜி.சி. எடுத்துவிட்டது என்பது தனிக் கதை.

இப்போது தங்கை மகளின் காலம். அவளும் வரலாறுதான் எடுத்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை, நான்கூடச் சொன்னேன். எம்.ஏ.வுக்கு என்ன உதவி கிடைக்கும் என்று தேடியபோது, ஒரே பெண் குழந்தையாகப் பிறந்தவர்களுக்கு முதுகலை உதவித்தொகை என்று யூ.ஜி.சி.யில் ஒரு திட்டம் இருந்தது. இவளுக்கு ஒரு தம்பி உண்டு. அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தோம். அக்காவின் ஸ்காலர்ஷிப் போய்விட்டது என்று யாருக்குத் தெரிந்தது? அவள் முடித்த பிறகு, 2023-ல், பழைய திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, மாதம் 15,000 ரூபாய் வீதம் வருஷத்தில் 10 மாதம், நாடு முழுக்க 10,000 முதுகலை மாணவர்களுக்கு என்று புதிதாக அறிவித்தார்கள். நல்ல திட்டம். எங்கள் வீட்டுக்கு நல்ல திட்டங்கள் எப்போதும் பாண்டி பஸ் மாதிரி, நாங்கள் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் வரும்.

அடுத்தது ஜே.ஆர்.எஃப்., பிஎச்.டி. ஆராய்ச்சிக்கான உதவித்தொகை. யூ.ஜி.சி.யின் நெட் தேர்வில் மேலே வருகிறவர்களுக்கு மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000. 2019-ல் 31,000-ஆக இருந்ததை 2023-ல் உயர்த்தினார்கள். டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "படிக்கிறதுக்கா சம்பளம்? அதுவும் ஆர்ட்ஸ்க்கா?" என்று கேட்டவர் தன் பையனுக்கு லட்சக்கணக்கில் கட்டி இன்ஜினீயரிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வெற்றிலைப் பார்வைக்கு வட்டியும் முதலுமாகப் பதில் சொன்னதுபோல.

விண்ணப்பிக்கும் முன் சான்றிதழ்கள். எங்கள் சாதி மாநில அரசுக்கு பி.சி., மத்திய அரசுக்கு ஓ.பி.சி. அதே ஆள், அதே தாசில்தார், வேறு படிவம். அதில் கிரீமி லேயர் இல்லை என்று இருக்க வேண்டும். தறிக்காரன் வீட்டில் பாலே இல்லை, ஏடு எங்கிருந்து வரும் என்று தங்கை முணுமுணுத்தாள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி அனுப்பினால், வி.ஏ.ஓ. பார்த்து, ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் கையெழுத்தோடு வரும். கொஞ்ச நாளில் காலாவதியாகும், மறுபடி வாங்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் எங்கள் மலைக்கு வந்தபோது முருகனே கிழவர் வேஷத்தில் வந்து வாயில் கற்கண்டு போட்டார், உடனே பாட்டு வந்தது என்பார்கள். இசைக்குத் திருத்தணியில் வழங்கப்பட்ட அந்த நிதியுதவிக்கு வருமானச் சான்று கேட்டதாக எந்தக் கதையிலும் இல்லை.

2024 ஜூன் 18-ம் தேதி நெட் எழுதினாள். மறுநாளே தேர்வு ரத்து. நாடு முழுக்க எழுதிய ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு இவளும் திரும்பப் படித்து, ஆகஸ்டு கடைசியில் மறுபடி எழுதினாள். முதல் தாளில் அட்டவணை கொடுத்துச் சதவீதம் கேட்கிறார்கள், தருக்கப் புதிர் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்காக நெசவாளர் கிழவிகளிடம் போய் உட்கார்ந்து பேசப்போகிறவளுக்கு இது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவளுக்குத் தருக்கப் புதிர் தேவைதான் என்பதைப் பிறகு வந்த மாதங்கள் காட்டின. பாஸாகிவிட்டாள்.

அவளோடு படித்த ஒரு பெண், பட்டியல் சாதி, வெளிநாடு போய் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் பற்றி ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பார்த்தால், 2022-ல் வந்த விதிமுறையில் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று போட்டிருக்கிறது. 1913-ல் பரோடா மன்னர் மாதம் 11.50 பவுன் கொடுத்து அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பினார். 1916-ல் அவர் அங்கே படித்த கட்டுரையே இந்தியாவில் சாதிகளைப் பற்றியதுதான். இன்றைய விதியில் அவர் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றிருக்கும். வேதாந்த ஆய்வேடு எழுதிய எங்கள் ஊர்க்காரர் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் பணம் கேட்டிருந்தாலும் அதே கதி.

மாநில அரசும் முதலமைச்சர் பெயரில் ஆராய்ச்சி உதவித்தொகை வைத்திருக்கிறது, கலைப் பாடங்களுக்கும் அதில் இடம் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் நெட் இல்லாமலே பிஎச்.டி.க்கு மாதம் 8,000 உண்டு. 2015-ல் அதை நிறுத்தப் போனபோது டெல்லியில் மாணவர்கள் யூ.ஜி.சி. வாசலிலேயே படுத்துக் காப்பாற்றினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கு அந்த எட்டாயிரமும் கிடையாது.

இவளுக்கு ஜே.ஆர்.எஃப். ஆணை வந்தது. சேர்ந்தாள். பணம் வரவில்லை. என் காலத்து "கிரான்ட் வரல தம்பி"க்கு இப்போது கம்ப்யூட்டரில் தனியாக ஒரு பக்கமே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பல்கலைக்கழகத்தில் ‘மேக்கர்’ என்று ஒருவர் பதிய வேண்டும், ‘செக்கர்’ என்று ஒருவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு பணம் நேராக வங்கிக் கணக்குக்கு.

"இன்னாம்மா, வந்துச்சா?"

"இல்ல மாமா. செக்கர்கிட்ட பெண்டிங்னு காட்டுது."

"யாரும்மா அந்த செக்கர்? ஒருவாட்டி நேர்ல போய்ப் பாரேன்."

"யாருன்னே தெரியல மாமா. கேட்டா எல்லாரும் வேற ஆளக் காட்றாங்க."

டீ வாங்கித் தருவதற்கும் அங்கே ஆள் இல்லை. தொகை வருகிறபோது பாக்கி முழுவதும் சேர்த்து வந்துவிடுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ரூபாய் குறைவதில்லை, முதலாளியின் நோட்டைப்போல மர்மம் இல்லை. பெண் பிள்ளை, யார் திண்ணையிலும் நிற்காமல், தனக்கு உரிமையான பணம் என்று மெயில் எழுதிக் கேட்கிறாள். இது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் வருகிறவரைக்கும் விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றையும் யாராவது கட்ட வேண்டும். வசதியில்லாதவர்களுக்கென்று வைத்த பணத்தை வாங்க, ஐந்தாறு மாதம் தாக்குப்பிடிக்கும் வசதி வேண்டியிருக்கிறது. தங்கையின் சங்கிலி இப்போது வங்கியில். சேட்டுக் கடை போய் ஏ.சி. போட்ட நகைக்கடன் கவுன்டர் வந்திருக்கிறது, டோக்கன் கொடுக்கிறார்கள்.

இதில் ‘கான்டின்ஜென்ஸி’ என்று சில்லறைச் செலவுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை உண்டு. புத்தகம், ஜெராக்ஸ், களப்பணி எல்லாம் அதில்தான். அறிவியல் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருஷம் 12,000, கலைப் பாடங்களுக்கு 10,000. இந்த இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தை யார் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆசை. நாங்கள் சோதனைக் குழாயை உடைக்கமாட்டோம் என்று கழித்திருப்பார்கள்.

அவள் எடுத்திருக்கும் தலைப்பு வடக்கெல்லைப் போராட்டம், நெசவாளர்கள் வாய்மொழியாக. ம.பொ.சி. எழுதியது இருக்கிறது, அரசு ஆவணம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எல்லைக் கிராமங்களில் காசு வாங்காமல் தமிழ் வகுப்பு நடத்திய மங்கலங்கிழாரைப் பற்றியும் கொஞ்சம் அச்சில் கிடைக்கும். ஆனால் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனவர்கள் என்ன நினைத்தார்கள், அந்தப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் தங்கிப்போன தமிழ்க் குடும்பங்கள் என்ன சொல்லின என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதைக் கேட்டு எழுதத்தான் போகிறாள். ஆந்திரம் பிரிந்த 1953-ல் இருபது வயதில் ஊர்வலம் போனவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். அம்மையார்குப்பத்தில் அப்படி ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் நாள் பேர், ஊர், தறி எண்ணிக்கையோடு பேச்சு நின்றது, அவருக்கு மூச்சு வாங்கியது. ரெக்கார்டர் வாங்கி எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த மாதம் செக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. ரெக்கார்டர் வந்தபோது வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யூ.ஜி.சி.க்கு எழுத எனக்குத் தகுதி உண்டா தெரியாது, ஆனால் எழுதுகிறேன். 37,000-ஐ உயர்த்த வேண்டும் என்று கேட்கவில்லை. அரசு ஊழியர் சம்பளம் மாதக் கடைசி நாளில் விழுகிறது, என் பென்ஷனும் அப்படியே விழுகிறது. ஆராய்ச்சி மாணவர் பணத்துக்கும் அதேபோல ஒரு தேதி சொல்லுங்கள். மேக்கரும் செக்கரும் சரிபார்ப்பதை அதற்குப் பிறகு ஆற அமரச் செய்யட்டும். தவறாகப் போனதை அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம், எங்கள் முதலாளி வாரா வாரம் அதைத்தான் செய்தார்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, நகரி பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பத்தைந்து தாண்டிய தாத்தா, பாட்டி யாராவது அந்த நாட்களைப் பற்றிப் பேசினால், கையில் இருக்கும் போனில் பதிவு செய்து வையுங்கள். தெலுங்கில் சொன்னாலும் சரி. தேதி, ஊர், சொன்னவர் பெயர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பணம் வந்ததும் அவள் வந்து வாங்கிக்கொள்வாள்.